தம்பிக்குத் தெரியாத டாக்டர்

என்ன அப்பு, இதைப் படிக்கிற எல்லாரும் சாப்டாச்சா?

தம்பிக்குக் கொஞ்ச நாளாகத் தூக்கமே இல்லை. மனநல டாக்டர் என்றால் வரமாட்டான். நரம்பு டாக்டர் என்று பொய் சொல்லி, ஆத்தூரிலிருந்து இன்று திண்டுக்கல் கூட்டிப் போனேன். பஸ் முழுக்கப் பூக்கூடை, அது தனிக்கதை.

டாக்டர் நாடி பார்த்தார், கழுத்தைத் தடவினார், தைராய்டுக்கு ரத்தம் எடுக்கச் சொன்னார்.

நான் தனியாகப் போய், தம்பியிடம் சொன்ன பொய்யை டாக்டரிடம் ஒப்புக்கொண்டேன். சிரித்தார்.

"உடம்பப் படிச்சுட்டுதான் மனசப் படிச்சோம். அடுத்த வாரத்துக்குள்ள தம்பிட்ட நீங்க உண்மையச் சொல்லிருங்க. இல்லாட்டி நானே சொல்லிருவேன்."

வெளியே வந்ததும் தம்பி, "இவருதாண்ணே டாக்டரு. மனசு டாக்டர்ட்டக் கூட்டிட்டுப் போயிருவியோன்னு பயந்து கெடந்தேன்" என்றான்.

இவனிடம் எப்படிச் சொல்ல? நான் என்ன நினைக்கிறேன் என்றால்,

இருங்க, தம்பி கூப்பிடுகிறான்.

"அண்ணே, செத்த வாயேன். எதுத்த வீட்டு மதினிக்கும் தூக்கமில்லையாம். நம்ம நரம்பு டாக்டர்ட்டயே கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டேன்."