செல்விக்காகப் பிடித்துவந்த கடல் சத்தம்

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கடல் சத்தத்தைப் பதிவு செய்வதற்காக மட்டும் மாமல்லபுரம் போய்வந்தேன். என் மனைவி செல்விக்கு அப்போது ஆறாம் மாதம். முதல் குழந்தை ஐந்தாம் மாதத்திலேயே தங்காமல் போனதால், இந்த முறை படுக்கையை விட்டு எழவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிறக்கப்போகும் குழந்தையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசமாட்டாள். நான் பேச்செடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

பொழுதுபோக லேப்டாப்பில் ஒரு மெய்நிகர் உலகத்தில் கணக்குத் தொடங்கினோம். அங்கே நமக்கென்று ஓர் உருவம் இருக்கும். அதை நடக்க வைக்கலாம், நமக்குப் பிடித்த இடத்தைக் கட்டிக்கொள்ளலாம். நான் ஒரு கடற்கரை கட்டினேன். மணல், தண்ணீர், இரண்டு நாற்காலி. செல்வி படுத்தபடியே தன் உருவத்தை அங்கே நடத்திப் பார்த்துவிட்டு, “இன்னாங்க, கடலு ஊமையா கீதே?” என்றாள். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

எங்கள் வீடு சிங்கப்பெருமாள் கோயிலில். செங்கல்பட்டு வரை மின்சார ரயில்; அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்து, ஒரு மணி நேரம். கடற்கரைக் கோயில் பக்கம் பள்ளிப் பிள்ளைகளின் கூச்சல். அதனால் எண்பது ரூபாய்க்கு ஆட்டோ பேசி, மீன் படகுகள் நிற்கும் கரைக்குப் போனேன்.

“கடல் சத்தம் புடிக்கவா வந்துகிறீங்க? நெட்டுலயே கீதே சார்!” என்று ஆட்டோக்காரர் சிரித்தார். காரணத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. “நீங்க நிதானமா புடிங்க. நான் நிக்கிறேன்” என்றார்.

போனில் மைக்கை மாட்டி, காற்று இரையாமலிருக்க அதன்மேல் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு, தண்ணீர் ஓரம் போய் நின்றேன். நல்ல பதிவாக வந்துகொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரே கத்தல்: “சார்! பெருசா ஒண்ணு வருது! பேன்ட்டு நனையப்போவுது!” நனைந்தது, இடுப்பு வரை.

சாயங்காலம் வீட்டில் அந்த ஒலியை எங்கள் கடலில் வைத்தேன். கிட்டே போகப் போகச் சத்தம் கூடும். அங்கேயே போனில் எடுத்திருந்த அலை வீடியோவைத் தண்ணீருக்கு அப்பால் ஒரு பெரிய திரையில் ஓடவிட்டேன். நாற்காலிகளுக்குப் பக்கத்தில் ஒரு பலகை. தொட்டால் அன்றைய காற்று, அலை நிலவரம் சொல்லும் இணையப் பக்கம் திறக்கும்.

செல்வி ஹெட்போன் மாட்டிக்கொண்டு தன் உருவத்தைக் கரைக்கு நடத்திப்போனாள். திடீரென்று குலுங்கிச் சிரித்தாள். “யாருங்க அது, பேன்ட்டு நனையப்போவுதுன்றது?”

“ஆட்டோக்காரர். அத வெட்டிடறேன்.”

“வாணாம், இருக்கட்டும். நெசமாவே போய் நின்னா மாதிரி கீது.”

அவள் சிரித்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது. கொஞ்ச நேரம் அலையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்: “ரெண்டு நாற்காலிதான் கீது. சின்னதா இன்னொண்ணு போடுங்க.”

போட்டேன்.

இதுபோலச் செய்ய நினைப்பவர்களுக்கு: வீடியோவில் உள்ள ஒலியை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு கடல் கேட்கும். நீங்கள் கட்டிய இடத்துக்கு வருகிறவர் தன் கணினியில் ஒலி, வீடியோவுக்கு அனுமதி கொடுத்திருக்கிறாரா என்றும் பாருங்கள். கைக்குழந்தையோடு நேரிலேயே போவதென்றால், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுங்கள். போன வாரம் மகளோடு போனபோது எங்களால் அது முடியவில்லை. அவள் என் தோளில் தூங்கிவிட்டாள். கணுக்கால் அளவுத் தண்ணீரில் நின்றிருந்த செல்விதான், எத்தனை முறை கூப்பிட்டும், வரமாட்டேன் என்றாள்.