பன்னிரண்டு அடி பிரியாணி

அன்று கடையில் இருந்தவர்கள். கடை முதலாளி, என் மனைவியின் தம்பி. பிரியாணி மாஸ்டர், நான். மச்சான் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கும் ஐ.டி. கம்பெனித் தம்பி, கேமராவோடு. ஒரு தட்டு மட்டன் பிரியாணி. ஒரு ஈ.

கடை மாடம்பாக்கம் போகிற ரோட்டில். திறந்து மூன்று மாதம். கூட்டம் இல்லை. ஆடி முடிவதற்குள் ஓடவில்லை என்றால் மூடிவிடுவேன் என்று மச்சான் சொல்லியிருந்தான். மூடினால் நான் திரும்பவும் கல்யாணச் சமையலுக்குப் போக வேண்டும். என் முட்டி அதற்கு ஒத்துக்கொள்ளாது.

வாசலில் பன்னிரண்டு அடிக்கு பிளெக்ஸ் வைத்தால் கூட்டம் வரும் என்றான் மச்சான். அதற்குத்தான் படம்.

சோறு போட்டு இரண்டு பீஸ் வைத்தேன். கடை அளவு அதுதான்.

“இன்னா மாமா, ஆஸ்பத்திரிக்குக் குடுத்து அனுப்புற மாரி வச்சுகீற?”

மச்சான் குண்டாவில் கைவிட்டு எடுத்து எடுத்து அடுக்கினான். ஒன்பது ஆயிற்று.

தம்பி கேமராவை ஸ்டாண்டில் இறுக்கினான்.

“இது பிக்சல் ஷிப்ட்ண்ணா. கேமரா அசையாது. உள்ள இருக்கிற சென்சார் மட்டும் துளித்துளியா நகரும். நகர்ந்து நகர்ந்து பதினாறு படம் எடுக்கும். எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஒண்ணா சேர்த்தா ஒவ்வொரு அரிசியும் தனியா தெரியும். ஆனா எதுவும் அசையக் கூடாது.”

“பிரியாணி எங்கடா எழுந்து நடக்கப் போவுது?”

“ஆவி அசையும்ணா.”

அப்படியே ஆயிற்று. லேப்டாப்பில் பார்த்தால், ஆவி இருந்த இடத்தில் கொசுவலை கட்டின மாதிரி கட்டம் கட்டமாக இருந்தது. ஆறட்டும் என்றான் தம்பி. சூடு போகக் கூடாது என்று உயிரை விடுகிறவன் நான். உட்கார்ந்து ஆற வைத்தேன்.

இரண்டாம் தடவை வெளியே பஸ் போயிற்று. தரை அதிர்ந்தது. படம் கலங்கிவிட்டது.

மூன்றாம் தடவை ஈ உட்கார்ந்தது. ஃபேன் போடக் கூடாது. கையை வீசக் கூடாது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். படத்தில் அந்த ஈ துண்டு துண்டாக, பீஸ் நெடுக இருந்தது.

“ஒத்த ஈ, குடும்பத்தோட வந்த மாரி கீது” என்றான் மச்சான்.

“மாஸ்டர், நீங்க கொஞ்சம் அசையாம இருங்க.”

“நான் படத்துல இல்லையேப்பா.”

“டேபிள் மேல சாஞ்சிருக்கீங்க.”

நிமிர்ந்துகொண்டேன். நாலாம் தடவை சரியாக வந்தது.

பிளெக்ஸ் ஏறியது. அரிசி ஒவ்வொன்றும் ஒரு சாண். மட்டனில் நார் கூடத் தெரிந்தது. கூட்டமும் வந்தது. முதலில் வந்தவர் பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன். தட்டைப் பார்த்தார். எழுந்து வெளியே போனார். மேலே பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“அண்ணே, படத்துல ஒம்போது பீஸ் கீது. தட்டுல ரெண்டு கீது. மீதி ஏழு பின்னாடி வந்துகினு கீதா?”

“அது சும்மா படம்பா” என்றான் மச்சான்.

“சும்மா படம்னா மங்கலா போடணும். எண்ணுற மாரி போட்டுட்டு இன்னா பேச்சு இது?”

பிறகு எல்லோரும் எண்ணினார்கள். ஸ்கூட்டரை நிறுத்தி, ஹெல்மெட்டோடு எண்ணினார்கள். எண்ணிவிட்டு உள்ளே வந்து சண்டை போட்டார்கள். அப்புறம் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

மச்சான் தம்பியைப் பிடித்தான்.

“கொஞ்சம் கலங்கலா பண்ணித் தாடா.”

“பண்ணலாம்ணா. ஆனா புதுசா பிரிண்ட் போடணும்.”

அதற்குக் காசு இல்லை. ‘பார்சல் உண்டு’ என்று ஒரு ஸ்டிக்கர் வாங்கி வந்து, ஏணி போட்டு ஏறி, பீஸ்களின் மேல் ஒட்டினான் மச்சான். இரண்டு மட்டும் வெளியே தெரிய வேண்டும் என்பது அவன் எண்ணம். ஸ்டிக்கர் பத்தவில்லை. சரிபாதிதான் மறைந்தது. நடுவில் இருந்த பீஸின் மேல்பாதி உள்ளே, கீழ்ப்பாதி வெளியே.

மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்தார். வாசலில் நின்று விரல் நீட்டி எண்ணினார். பின்னால் நாலு பேர் நின்றார்கள்.

“இன்னா மாமா பண்றது?”

“தெரியுறதைப் போட்டுடு.”

“கட்டுப்படி ஆவாது மாமா.”

“சின்னதா வெட்டுறேன். படத்துல சைஸ் தெரியாது.”

எலக்ட்ரீஷியன் தட்டைப் பார்த்தார். எண்ணினார். சாப்பிட்டார். மறுநாளும் வந்தார்.

ஆடி போயிற்று. கடை ஓடுகிறது. தட்டு ஒன்றுக்கு நாலரை பீஸ்.