காலியாக இருக்கவேண்டிய குளம்

போன செவ்வாய்க்கிழமை ஒரு பெரியவர் காரில் வந்து இறங்கினார். புதுவயலுக்கு அங்கிட்டு ஒரு கிராமம். அந்த ஊர் போர்டில் மெம்பராம். கையில் குடை, கக்கத்தில் சுருட்டிய மேப். உட்காரும்போதே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"ஒக்கூர்ப் பக்கம் ஒரு பள்ளம் வெட்டுனீகளாமே? வெள்ளத்தைப் பிடிச்சு வச்சு மெல்ல மெல்ல விடுதாமே? எங்க ஊருக்கும் அதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்க. நல்லா வேலை செய்யுதுன்னு எல்லாரும் சொல்றாக."

நல்லா வேலை செய்கிறது... வாஸ்தவம்தான். காபியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

நான் ஓவர்சியராக இருந்தவன் என்பது இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். எத்தனை வாரம் பெருமையடித்திருக்கிறேன்! ஆனால் இந்த ஒரு வேலையைப் பற்றி மட்டும் எழுதியதில்லை. ஏன் என்பதை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

ஒக்கூர்ப் பக்கத்து அந்த ஊரில் பர்மா, மலேயா என்று போய் வந்தவர்கள் வரிசை வரிசையாகப் பெரிய வீடுகள் கட்டினார்கள். ஓட்டுக்கூரை, கல் பாவிய முற்றம், கெட்டிப்படுத்திய தெரு. முன்பெல்லாம் மழை பெய்தால் பாதியைப் பொட்டல் குடிக்கும். இப்போது ஒரு சொட்டு பாக்கியில்லாமல் ஓடி வருகிறது. முதலில் குடிதண்ணீர் ஊருணி நிறையும். அப்புறம்? மிச்சமெல்லாம் நேரே பள்ளத்தெருவுக்கு. அங்கே இருப்பது மண் சுவர்கள். ஐப்பசி வந்தால் சுவர் கரையும், ஜனங்கள் பானை சட்டியோடு மேட்டில் ஏறி நிற்பார்கள்.

நான் ஒரு பிளான் போட்டேன். ஊருணிக்கும் பள்ளத்தெருவுக்கும் நடுவே கிடந்த பொட்டலை ஆள் உயரத்துக்கு மேல் வெட்டிக் கரை கட்டினேன். தண்ணீர் உள்ளே வரும் வழி அகலம். வெளியே போக அடியில் ஒரே ஒரு குழாய் – ஒரு சாண் அகலம். வெள்ளம் பள்ளத்தில் தங்கி, குழாய் வழியே கொஞ்சம் கொஞ்சமாகக் கண்மாய்க்குப் போய்விடும். ஒரு நாளில் பள்ளம் வற்றி, அடுத்த மழைக்குத் தயாராகிவிடும். காலியாக இருப்பதுதான் அதன் வேலை.

முதல் மழை பெய்தது. பள்ளத்தெருவில் ஒரு சுவரும் விழவில்லை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மூன்றாம் நாள் சைக்கிளில் போய்ப் பார்த்தேன். பள்ளம் நிறையத் தண்ணீர் நிற்கிறது! கரையில் ஒரு மஞ்சள் உருண்டை, அதன்மேல் பூ. புதுத் தண்ணீருக்கு மரியாதை. சுற்றிலும் பெண்கள், குடங்கள், சிரிப்பு. அப்படிச் சிரித்து நான் அந்தத் தெருக்காரர்களைப் பார்த்ததில்லை. அடியில் இருக்கும் குழாயைப் பழைய சேலை, வைக்கோல், களிமண் எல்லாம் வைத்து அடைத்திருந்தார்கள்.

"யார் அடைச்சது?"

"நாந்தேஞ் சாமி" என்று குடத்தோடு முன்னால் வந்தாள் இருளாயி. பள்ளத்தெருக்காரி. அந்தப் பள்ளத்துக்கு மண் சுமந்தவள். முந்தின வருஷ வெள்ளத்தில் வீட்டைப் பறிகொடுத்தவளும் அவள்தான்.

"உங்க தெருவைக் காப்பாத்தத்தானே இதை வெட்டினது? இதுல தண்ணி நிக்கக் கூடாது. அடுத்த மழை எங்கே போகும்?"

"நீக சொல்றது புரியுது சாமி. ஊருணியில எங்க கொடம் படக்கூடாது. ஆத்துக்குப் போயி ஊத்துத் தோண்டி, கொட்டாங்கச்சியில மொண்டு நெரப்ப அரை நாளாகுது. வாசலுக்கு வந்த தண்ணிய வெரட்டச் சொல்றீகளே, நாயமா?"

ஊருணிப் படியில் அந்தத் தெருவுக்கு இடம் கிடையாது என்பது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். என் பிளானில் ஊருணி இருந்தது, தெரு இருந்தது, நிலத்தின் சாய்மானம் அங்குலம் அங்குலமாக இருந்தது. யார் எங்கே தண்ணீர் எடுக்கிறார்கள் என்பது மட்டும் இல்லை. வெட்கமாகப் போய்விட்டது.

"மானம் கறுத்தா நானே பிடுங்கி விட்டுர்றேஞ் சாமி. நீக கவலைப்படாமப் போங்க" என்றாள்.

"சரி" என்றேன்.

இங்கேதான் ஒன்று சொல்லவேண்டும். நிறைந்து நிற்கிற தண்ணீர் அந்த அடைப்பை மலை மாதிரி அழுத்திக்கொண்டிருக்கும். லேசில் பிடுங்க வராது. பிடுங்கிவிட்டாலோ, பக்கத்தில் இருப்பதையெல்லாம் குழாய் இழுக்கும். பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியவன் நான். அவளிடம் சொன்னேனா? சொல்லவில்லை. நாலு பெண்கள் கும்பிட்ட சந்தோஷத்தில் சைக்கிளில் ஏறிவிட்டேன்.

நாலாம் நாள் காலையில் மானம் கறுத்தது. கறுத்த வேகத்தில் கொட்டியது. கரை தளும்ப இன்னும் ஒரு சாண்தான். கரை உடைந்தால் தெருவே மிஞ்சாது. ஆண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். இருளாயி மட்டும் எதிர்ப்பக்கம் ஓடினாளாம். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். ஒரு தடவை மூச்சு வாங்க மேலே வந்தாள். மறுபடி முங்கினாள். கண்மாய்ப் பக்கம் குழாயில் தண்ணீர் பீறிட்டது.

அவள் மேலே வரவில்லை.

மூன்று பேர் குதித்து இழுத்துப் பார்த்தார்கள். அசைக்க முடியவில்லை. ஒரு நாளில் வற்றவேண்டிய பள்ளம் இரண்டு நாள் எடுத்துக்கொண்டது. முழங்கால் அளவுக்கு வடிந்த பிறகுதான் எடுத்தோம். வலது கை தோள்வரை குழாய்க்குள் இருந்தது. கரை நின்றது. ஒரு வீடும் விழவில்லை. வேலை செய்தது என்று எல்லாரும் சொல்வது இதைத்தான்.

போர்டும் சும்மா இருக்கவில்லை. இனிமேல் யாரும் அடைக்க முடியாதபடி குழாய் வாயில் இரும்புக் கம்பி போட்டார்கள். அந்தத் தெருவுக்கு ஒரு கிணறு கேட்டு எழுதினேன். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. நான் வேலையை விட்டே நாலு வருஷமாகிறது... இன்னும் பரிசீலித்துக்கொண்டிருக்கிறார்கள். இருளாயியின் மகள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குத்தான் போகிறாள்.

இவ்வளவையும் பெரியவரிடம் சொன்னேன். காபி ஆறிப்போயிருந்தது.

"பள்ளம் போட்டுத் தர்றேன். அதுக்கு முன்னாடி தாழ்வான தெருவுல ஒரு கிணறு வெட்டுங்க. அந்த ஜனங்க முதல் குடம் எடுத்த பிறகு நான் சங்கிலி பிடிச்சு அளக்க வர்றேன்."

பெரியவர் மேப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "அதுல நாலு பேரைக் கலந்துக்கணும். யோசிச்சுச் சொல்றோம்" என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

யோசிக்கட்டும். ஐப்பசி மட்டும் யாருக்காகவும் யோசித்துக்கொண்டு நிற்காது.