சோபியாவின் வலது கை

மலேசியாவில் எங்கள் ஊரான டுரியான் துங்காலின் கோவில் சமையல்கட்டில் நான் "ஒதுங்கு, சூடு!" என்று கத்தினால் கோவில் தலைவரே வழிவிடுவார். அதே தொண்டையோடு எங்கள் மகளிர் குழுவுடன் கம்போடியா போனேன், காது கேளாதவர்கள் தங்கும் இல்லத்தில் சமைத்து உதவ.

முதல் நாளே கொதிக்கும் சாம்பார்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வழக்கம்போலக் கத்தியபடி நடந்தேன். முதுகைக் காட்டி நின்ற சோபியா என்ற பெண் சட்டென்று திரும்பி என்மேல் மோதினாள். சாம்பார் அவள் வலது கையில் கொட்டியது.

"யாருக்குக்கா கத்துனீங்க? அவங்களுக்குத்தான் கேக்காதுலா!" என்று எங்கள் குழு மாலதி பதறினாள். எதற்கும் ஒரு நக்கல் வைத்திருக்கும் நான், சோபியாவைக் குழாயடிக்கு இழுத்துப்போய் அவள் கையைத் தண்ணீரில் பிடித்தேன்.

விரல்கள் தப்பின என்றார் டாக்டர். ஆனால் சாயங்காலம் தோழிகள் கையாலேயே பேசிச் சிரிக்க, சோபியா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அதுதானே வாய்.

இப்போது வீட்டிலும், எதிரே நிற்பவர் என்னைத் திரும்பிப் பார்த்த பிறகுதான் சட்டியைத் தூக்குகிறேன்.

"ஏன் அத்தை, எம் மூஞ்சியவே பாத்துட்டு நிக்கிறீங்க?" என்கிறாள் மருமகள்.

"நீ அழகா இருக்கியேன்னுதான்லா!" என்று சமாளிக்கிறேன். நிஜத்தை அவளிடம் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை.