மஞ்சள் துணியில் ஏழு பிரஷ்

செவ்வாய்க்கிழமை காலை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மும்தாஜின் பார்லரில் வேலை செய்யும் செல்வி போன் செய்தாள். "ஆயா, மும்தாஜ் அக்கா ஆஸ்பத்திரில எறந்து பூட்டாங்க" என்றாள். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்ததே எனக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? மூன்று வருடமாக நான் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. காட்டுப்பாக்கத்திலிருந்து பூந்தமல்லி மார்க்கெட்டுக்குப் போனாலும் சுற்றிக்கொண்டுதான் போவேன். கீரையை அப்படியே போட்டுவிட்டு ஆட்டோ ஏறினேன். ஆட்டோவிலும் அவள் மேல் கோபமாகத்தான் இருந்தேன்.

இதைக் கேட்கும் உங்களில் பலருக்கு அவள் கல்யாணத்தன்று அலங்காரம் செய்துவிட்டவள். எனக்கு முதலாளி, வயதில் பத்து வருடம் இளையவள். எட்டு வருடம் அவளிடம் பெருக்கினேன், துண்டு துவைத்தேன், பிரஷ் கழுவினேன். கழுவும் விதத்தை அவளே காட்டித் தந்தாள். வெதுவெதுப்பான தண்ணீர், குழந்தைக்குப் போடும் ஷாம்பு ஒரு சொட்டு. உள்ளங்கையில் வைத்து மெதுவாகச் சுற்ற வேண்டும். நுரை வெள்ளையாக வரும்வரை விடமாட்டாள். முடி கீழே பார்த்தபடி இருக்க வேண்டும்; காம்புக்குள் தண்ணீர் இறங்கினால் பசை விட்டு முடி கொட்டும். பிறகு துண்டில் ஒற்றி, மேசை ஓரத்தில் படுக்கவைத்துக் காயவிட வேண்டும். முதல் நாள் டம்ளரில் நிறுத்திவைத்தேன். "இன்னாக்கா, ஊதுவத்தியா கொளுத்தப் போற?" என்றாள்.

பரு வரும் முகங்களுக்கென்று ஏழு பிரஷ் தனியாக, மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருப்பாள். பழைய பவுடரும் எண்ணெய்ப் பிசுக்கும் பிரஷ்ஷில் தங்கினால் அதுவே பருவுக்குத் தீனி என்பாள். "பரு வந்த பொண்ணு தெனமும் கண்ணாடிகிட்ட திட்டு வாங்கினு வருது. நம்ம பிரஷ்ஷும் அத்தத் திட்டணுமா?"

கழுவிக் கழுவி அந்த ஏழும் துடைப்பம் மாதிரி விறைத்துப்போயின. எனக்குப் பாவமாக இருந்தது. தலைமுடி வறண்டால் என்ன செய்வோம்? தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு எடுத்து எல்லாவற்றுக்கும் தடவிவிட்டேன். பட்டு மாதிரி ஆயின. அவள் மெச்சுவாள் என்று சொல்லாமலே காத்திருந்தேன்.

அந்த வாரம் மேனாம்பேட்டிலிருந்து கவிதா என்ற கல்யாணப் பெண் போட்டோ எடுக்க நான்கு நாள் தொடர்ந்து வந்து மேக்கப் போட்டுக்கொண்டாள்; பரு வரும் முகம் என்பதால் அந்த ஏழு பிரஷ்ஷால்தான். அடுத்த வாரம் அவளுடைய சித்தி அவளை இழுத்துக்கொண்டு வந்தாள். கன்னமும் நெற்றியும் பொரிப்பொரியாக இருந்தன. கல்யாணத்துக்குப் பத்து நாள்.

"இன்னாம்மா பார்லர் நடத்தற நீ? பொண்ணு மூஞ்சியப் பாரு, கடலை கொட்டி வெச்ச மாரி கீது!"

அந்தச் சித்தி கட்டியிருந்தது கிளிப்பச்சைச் சேலை. பெண் அழுகிறாளே என்றுகூடப் பார்க்காமல் தெரு கேட்கக் கத்தினாள். இன்றைக்கும் அவளை நசரத்பேட்டை பஸ்ஸில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

மும்தாஜ் ஒரு பிரஷ்ஷை எடுத்து விரலால் தடவினாள். மூக்கிடம் கொண்டுபோனாள். பிறகு என்னை ஒருமுறை பார்த்தாள். நான் மடித்த துண்டையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன்.

"தப்பு என்னோடது. பிரஷ்ஷ நான்தான் சரியாப் பாக்கல" என்றாள் அந்தச் சித்தியிடம்.

அன்றே கவிதாவைத் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். கல்யாணம்வரை முகத்தில் எதையும் போடவிடவில்லை. முகூர்த்தத்தன்று புதுப் பிரஷ்களைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுபோய் மெல்லிசாகப் பூசினாள். தாடையில் இரண்டு பரு மிச்சம் இருந்தது. "இருக்கட்டும்டி, அதுங்களும் பந்தியில குந்தட்டும்" என்றாள். கவிதா சிரித்துவிட்டாள்.

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாளிலிருந்து பிரஷ்களைத் தானே கழுவினாள். எனக்குத் துண்டும் துடைப்பமும் மட்டும். திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டிவிட்டு மறந்திருப்பேன். அந்த மாதமே கால் வலி என்று சொல்லி நின்றுவிட்டேன். கால் வலியெல்லாம் இல்லை. எண்ணெய் தடவியது நான்தான் என்று அவளிடம் வாய் திறந்து சொன்னதேயில்லை. இப்போது உங்கள் எல்லோரிடமும் சொல்கிறேன்.

அவள் இறந்த நாற்பதாம் நாள் ஓதும் பாத்திஹாவுக்குப் போனேன். சாப்பாடு முடிந்ததும், இப்போது பார்லரைப் பார்த்துக்கொள்ளும் அவள் மகள் ரெஹானா மஞ்சள் துணி மூட்டையை என் மடியில் வைத்தாள்.

"ஆயா, வெள்ளிக்கெழம ஒரு பொண்ணு வருது. மூஞ்சி பூரா பரு. இத்த கழுவித் தரியா?"

"நானா? உங்கம்மா என்ன அத்தத் தொடவே உடலியே."

"அம்மாதான் ஆஸ்பத்திரில சொல்லிச்சு. 'பிரஷ் கழுவ அக்காவக் கூப்டுக்கோ. எண்ணெ மட்டும் வாணாம்னு சொல்லு'ன்னு."

அவளுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது. அதை என்னிடமே நேரில் சொல்லியிருக்கலாம் என்று அங்கேயே மறுபடி கோபம் வந்தது. சொல்ல வேண்டுமானால் நான் அந்தத் தெருவில் நடந்திருக்க வேண்டும்.

ஏழையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, நுரை வெள்ளையாகும்வரை கழுவி, மேசை ஓரத்தில் படுக்கவைத்தேன். மறுநாள் திருப்பிக் கொடுப்பதற்கு முன் ஒவ்வொன்றாக மூக்கிடம் கொண்டுபோனேன், அவள் அன்று செய்த மாதிரியே. அவளிடமிருந்து எனக்கென்று தங்கியது இந்தப் பழக்கம்தான்.

ஒரு வாசனையும் இல்லை, மும்தாஜ். சுத்தமாக இருக்கிறது.