சத்தம் போட ஓர் ஓவியக்கூடம்

ஓவியக்கூடக் காப்பாளர் வேலையில் கால் வலிப்பதில்லை. யாராவது வருவார்களா என்று வாசலையே பார்த்துக் கண்தான் வலிக்கும். ஆள் வராத கடையில் உட்கார்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். என்ன வேலை என்று யாராவது கேட்டால், அம்மா "ஆபீசுங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

கண்காட்சி என்றால்

வாசலில் 'கண்காட்சி' என்று எழுதியிருந்தோம். திருப்பூரில் அதற்கு மலிவுத் துணி விற்பனை என்றுதான் பொருள். பக்கத்து ஊரான மங்கலத்தில் தறி ஓட்டும் ஒருவர் நேராக உள்ளே வந்து, துணியில் வரைந்த ஓவியத்தின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். "தொடக் கூடாதுங்க" என்று ஓடினேன். அவர் திகைத்துப்போய்ச் சொன்னார்: "தொடாம துணிய எப்படி பாக்கறது கண்ணு?"

எருமை

ஞாயிறு மட்டுமே கம்பெனிகளுக்கு விடுமுறை. எங்களுக்கும் அன்றுதான் விடுமுறை. மேலதிகாரியிடம் கெஞ்சி ஞாயிறும் திறக்க வைத்தேன். ஆள் வராவிட்டால் அன்று கூடத்தை வாடகைக்கு விட்டுவிடுவேன் என்றார்.

முதலில் வந்தவர் செல்வி அக்கா. தெற்கே இருந்து வந்து, பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டுகிறவர். மூன்று வயது மகள் எருமைப் படத்தைப் பார்த்ததும் எருமை மாதிரியே "ம்மா" என்று கத்தினாள். அக்காவின் கை சட்டென்று அவள் வாயைப் பொத்தியது. கத்தட்டும் என்றேன். "இருக்கது ஒரே ரூமு. அவுக நைட் ஷிப்ட் முடிச்சுத் தூங்குதாக. பொத்திப் பொத்தியே பழகிட்டு தங்கச்சி."

அவர்கள் போனதும் 'அமைதி காக்கவும்' பலகையைக் கழற்றி அலமாரிக்குள் வைத்தேன்.

ஒரு கேள்வி

அடுத்தடுத்த வாரங்களில் அக்கா பக்கத்து ரூம் பெண்களையும் அழைத்து வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து பேசுவார்கள். பிள்ளைகள் எருமையோடு சேர்ந்து கத்தும். ஒருநாள் அந்த நேரத்தில் அதிகாரி வந்தார். கூட்டத்தைப் பார்த்து மகிழ்வார் என்று நினைத்தேன். பலகை இல்லாத ஆணியைப் பார்த்தார். "இதுல படம் பாக்க வந்தவங்க யாருங்க?" எல்லோரும்தான் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யாகிவிடுமோ என்று பயந்து யோசித்தேன். அதற்குள் அவரே முடித்துவிட்டார்: "அப்ப ஞாயித்துக்கெழம சேல்ஸுக்கு உட்டறலாங்க."

முதல் விற்பனை

அடுத்த ஞாயிறு உள்ளே நிற்க இடமில்லை. ஓவியங்களை மறைத்துக் கம்பிகளில் டி-சர்ட்டுகள் தொங்கின. மைக்கில் விலை அலறியது. விவரம் தெரியாமல் வந்த செல்வி அக்கா, பெஞ்ச் இருந்த இடத்தில் அட்டைப்பெட்டிகளைப் பார்த்து நின்றார். மகள் குனிந்து தேடினாள். சட்டைகளுக்குக் கீழே எருமையின் கால்கள் மட்டும் தெரிந்தன. "ம்மா" என்றாள். பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. வழக்கம்போல் எழுந்த கையை அக்கா பாதியில் இறக்கினார்: "கத்து தாயீ, இங்க யாருக்கும் கேக்காது."

ஓவியக்கூடத்தில் கூட்டம் சேர்ப்பது எப்படி என்று இனி யாராவது கேட்டால், படங்களை மறைத்துவிட்டால் போதும் என்று அனுபவத்தில் சொல்வேன்.