இனிஷியலுக்குக் கொம்பு வைத்த வாரம்

பத்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்துவது ஒரு வேலையே இல்லை. அந்தப் பிள்ளைகளின் பெயரைத் தப்பில்லாமல் எழுதி அனுப்புவதுதான் வேலை. வகுப்பாசிரியராக மாட்டிக்கொண்ட சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பொதுத்தேர்வுக்கு முன்னால் பெயர்ப் பட்டியல் என்று ஒன்று போகும். பிள்ளையின் பெயர், இனிஷியல், பிறந்த தேதி எல்லாம் தமிழிலும் இங்கிலீஷிலும் அதில் எப்படி இருக்கிறதோ அப்படியேதான் மார்க் ஷீட்டில் அச்சாகும். அதனால் அப்பாவோ அம்மாவோ நேரில் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகு ஒரு புள்ளியை மாற்ற வேண்டுமென்றாலும் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிச் செருப்புத் தேய வேண்டியதுதான்.

நான் கணக்கு வாத்தியார். உத்தமபாளையம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். போன வருஷம் என் வகுப்பில் நாற்பத்தொரு பேர். திங்கட்கிழமை பட்டியல் என் கைக்கு வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் கம்ப்யூட்டரில் ஏற்றியாக வேண்டும். அந்த ஐந்து நாளில் ஒரு நாள்கூட நான் கணக்குப் பாடம் நடத்தவில்லை, பிள்ளைகளும் அதற்காக வருத்தப்படவில்லை.

பாவும் பேவும்

ஹரிணி வகுப்பில் அதிகம் வாய் திறக்காத பிள்ளை. திங்கட்கிழமை தாளைக் கொடுத்ததும், ‘பா. ஹரிணி’ என்று இருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு என் மேஜையை விட்டு நகராமல் நின்றாள். அவள் அப்பா பெயர் பாண்டியன். ஹரிணி ஐந்தாவது படிக்கும்போது கேரளாவில் கட்டப்பனைப் பக்கம் வேலைக்குப் போனவர், அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டார். அம்மா பேச்சியம்மாள் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போய்த்தான் இவளைப் படிக்க வைக்கிறார். இவளுக்கு அம்மாவின் எழுத்து வேண்டும். ‘பே. ஹரிணி’ என்று மார்க் ஷீட் வர வேண்டும்.

எனக்கு அன்றைக்கு ஏற்கெனவே தலை கிறுகிறுத்துக் கிடந்தது. “இங்கிலீஷ்ல ரெண்டு பேருக்கும் ‘பி’ தானம்மா, அது மாறப்போறதில்ல. தமிழ்ல ஒரு எழுத்துக்காக ஏன் என் உசிரை வாங்குற?” என்று கடுகடுத்தேன். அவள் அசரவில்லை. “இங்கிலீஷ்ல இருந்துட்டுப் போகட்டும் சார். தமிழ்ல மட்டும் காலை எடுத்துட்டுக் கொம்பு போட்டுருங்க. காலு உள்ளவருதான் எந்திரிச்சுப் போயிட்டாருல்ல” என்றாள்.

பள்ளிக்கூடத்துப் பேரு

தலைமையாசிரியையிடம் கேட்டேன். விதியில் இடம் உண்டு, அம்மா நேரில் வந்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். செவ்வாய்க்கிழமை முழுக்கப் பேச்சியம்மாளின் போனுக்கு அடித்தேன். மலைக்கு மேலே போனால் சிக்னல் கேரளாவுக்குப் போய்விடும். ‘பரிதிக்குப் புறத்தாணு’, அதாவது தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் மலையாளத்தில் அலுக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் குரல் எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

அந்த நேரத்தில் மற்ற வீடுகளுக்காவது பேசுவோம் என்று ஆரோக்கிய ஜெபஸ்டின் வீட்டுக்குப் போட்டேன். எடுத்தவர், “அப்பிடி இங்கன யாருமில்லையே” என்று வைத்துவிட்டார். மறுபடி போட்டேன். “ராங் நம்பருங்க” என்றார். மூன்றாவது தடவை பெயரைச் சொல்லாமல், பத்தாவது படிக்கிற பையன், நெற்றியில் தழும்பு, சைக்கிளில் வருவான் என்று அடையாளம் சொன்னேன். பிறகுதான் அவர் பையனின் பெரியப்பா என்று தெரிந்தது. பையனோடு ஒரே வீட்டில் பதினைந்து வருஷமாக இருக்கிற மனுஷன் அவர். “அடடே, நம்ம குட்டானைக் கேக்குறீகளா! பள்ளிக்கூடத்துல அவனுக்குப் பேரெல்லாம் வச்சிருக்கீகளா?” என்றார்.

ராசியான எழுத்து

விக்னேஷின் அப்பா சின்னமனூரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். புதன்கிழமை ஒரு நியூமராலஜிக்காரர் எழுதிக் கொடுத்த சீட்டோடு வந்தார். பையன் பெயரில் இங்கிலீஷில் ஒரு ‘எச்’, ஒரு ‘என்’, இரண்டு ‘எஸ்’ கூடுதலாகப் போட வேண்டுமாம், போட்டால் கலெக்டராம். பிறப்புச் சான்றிதழில் இருப்பதைத்தான் எழுத முடியும் என்று அரைமணி நேரம் மன்றாடினேன். “உங்களுக்கென்ன சார், சும்மா கிடக்குற எழுத்துதான” என்று அவர் பிடித்த பிடியில் நின்றார்.

பக்கத்தில் நின்ற விக்னேஷ், அந்தச் சீட்டை வாங்கி ஓர் ஓரத்தில் எழுதிப் பார்த்தான். எழுதி முடிக்கவில்லை, நடுவிலேயே எந்த எழுத்து எத்தனை முறை என்று குழம்பிப் பேனாவை மூடிவிட்டான். அப்புறம் என்னைப் பார்த்து, “பரீட்சையில பேர் எழுதி முடிக்கிறதுக்குத் தனியா டயம் குடுப்பாகளா சார்?” என்றான்.

ஜீப்பு நிற்கிற நேரம்

தோட்டத்துக்குப் போகிறவர்களைப் பிடிக்க வேண்டுமென்றால் விடியற்காலை ஐந்தரைக்கு ஜீப்பு கிளம்பும் இடத்துக்குப் போக வேண்டும். வியாழக்கிழமை பைக்கில் போனேன், தாளை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு. தூக்குச்சட்டியும் தலையில் கட்டின துண்டுமாகப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஏற்கெனவே நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். பேச்சியம்மாளைக் கேட்டதும் ஓரத்தில் இருந்தவர் இறங்கி வந்தார். வாத்தியார் இந்த நேரத்துக்கு வந்தால் பிள்ளைக்கு என்னவோ ஏதோ என்று பதறிப்போய் என் முகத்தையே பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் பதற்றம் அடங்கியது, ஆனால் முகம் தெளியவில்லை.

“அவ சொன்னா சார். நான்தான் வேணாம்னேன்” என்றார். ஊரில் என்ன சொல்வார்கள், நாளைக்குக் கல்யாணப் பேச்சு வந்தால் அப்பன் பேர் எங்கே என்று கேட்க மாட்டார்களா என்றார். நானும் நியாயம் பேசினேன். பிள்ளை பத்து வருஷம் கழித்து எந்த ஆபீஸுக்குப் போனாலும் அந்த எழுத்துதான் முன்னால் போகும், அதைச் சுமக்கப் போவது அவள்தான் என்றேன். டிரைவர் ஹாரன் அடித்தார். எது வேண்டுமானாலும் இருக்கட்டும், நாளைக்கு நேரில் வந்து கையெழுத்துப் போடாவிட்டால் பட்டியல் போகாது என்று சொல்லி முடிப்பதற்குள் ஏறிவிட்டார். ஜீப்பு நகரும்போது எட்டிப் பார்த்துச் சொன்னார்: “அவுக எழுத்து ஒண்ணுதான் சார் எங்க வீட்டுல மிச்சம் கிடக்கு. அதையும் நானே எடுத்துப் போடவா?”

இருபது வருஷமாக அல்ஜீப்ராவில் எழுத்துகளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிக்கொண்டிருக்கிறவன் நான். அன்றைக்கு முதன்முதலாக ஓர் எழுத்தின் மேல் கை வைக்கப் பயமாக இருந்தது.

மூன்று பட்டதாரிகள்

வெள்ளிக்கிழமை காலையிலேயே எங்கள் கிளார்க் முருகேசனிடம் இரண்டு தாள் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன். ஒன்று பா போட்டது, இன்னொன்று பே போட்டது. பேச்சியம்மாள் எதில் கையெழுத்துப் போடுகிறாரோ அது போகட்டும். முருகேசன், “அந்தப் புள்ளைக்குக் கொம்பு கேக்குதாக்கும்” என்று முணுமுணுத்துக்கொண்டே அடித்தார். அவர் சரிபார்த்தார், நான் சரிபார்த்தேன், தலைமையாசிரியையும் பார்த்து ஓரத்தில் ‘டிக்’ போட்டார். மூன்று பேரும் டிகிரி வாங்கியவர்கள்.

மற்ற நாற்பது பெயரும் ஏறிவிட்டன. நான்கு மணி வரை யாரும் வரவில்லை. ஹரிணி ஆபீஸ் வாசலில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். வீட்டில் இதைப் பற்றிப் பேச்சே இல்லையாம். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அதனாலேயே இரண்டு முறை அதட்டி வகுப்புக்கு விரட்டினேன். அவள் போகவில்லை. நாலேகாலுக்குப் பேச்சியம்மாள் வந்தார். தோட்டத்துக்குப் போகாமல், துவைத்த சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். மகளைப் பார்க்காமல் நேராக மேஜைக்கு வந்தார். “பழசுலயே போடுறேன் சார், எங்கன போடணும்?” என்றார்.

ஹரிணி தலையைக் குனிந்துகொண்டாள். நான் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எது என்று காட்டினேன். பா-வை விரலால் தொட்டு, “இதுவா அவுக எழுத்து?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “இது எனக்குத் தெரியாது சார். இத்தனை வருசமா இதைப் பாத்தா அடையாளம் தெரியாமயா வச்சிக்கிட்டிருந்தேன்” என்று மெல்லச் சொன்னார். அவருக்கு எழுதத் தெரிந்தது தன் கையெழுத்து ஒன்றுதான். மகளிர் சங்கத்தில் கையெழுத்துப் போட யாரோ பழக்கிவிட்டிருக்கிறார்கள்.

அடுத்த தாளில் விரல் போனது. அங்கே நின்றது. மறுபடி குனிந்து பார்த்தார். “இது என் கையெழுத்துல முதல்ல வர்ற எழுத்து மாதிரியே இருக்கு. ஆனா ஒரு சுழி குறையுதே சார்” என்றார். நான் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். ‘பெ. ஹரிணி’ என்று இருந்தது. இரட்டைக் கொம்புக்கு ஒற்றைக் கொம்பு. முருகேசன் என்னைப் பார்த்தார், நான் முருகேசனைப் பார்த்தேன், தலைமையாசிரியை ஜன்னலைப் பார்த்தார்.

“சரியாப் போட்டுக் கொண்டாங்க, இதுலயே போடுறேன்” என்றார் பேச்சியம்மாள். ஊர் என்ன சொல்லும் என்ற பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. முருகேசன் மூன்றாவது தாளை ஓட்டமாக எடுத்து வந்தபோது மணி நாலே முக்கால். அதே மேஜையில் அம்மாவின் கோரிக்கையை ஹரிணியே எழுதினாள், எழுதும்போது அழுதாள், அழுதுகொண்டே தப்பில்லாமல் எழுதினாள். பேச்சியம்மாள் நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக வரைந்து கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது மகள் பெயரை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்: “இனிமே எந்த போர்டுல ஒட்டுனாலும், எம் மக எங்கன இருக்கான்னு நானே பாத்துக்கிருவேன் சார்.”

பட்டியலின் அடியில் ‘மேற்கண்ட நாற்பத்தொரு பெயர்களும் என்னால் முழுமையாகச் சரிபார்க்கப்பட்டன’ என்று நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அந்த ஒரு வரியை மட்டும் தயவுசெய்து யாரும் சரிபார்த்துவிடாதீர்கள்.